பாதிக்கு முடித்த கணக்கு

திருப்பூர்
18.03.2007

அன்புள்ள மச்சானுக்கு நாகஜோதி எழுதுவது. நானும் சித்ராவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகம் என்று போனில் சொன்னீர்கள், நான் நம்பவில்லை. அந்தத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா, தும்மல் நின்றதா என்று உண்மையை எழுதவும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டால் ஹவுஸ் ஓனர் வாசலில் நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது. அவர் வீட்டம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நம் பேச்சைக் கேட்கிறார். மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம் எனக்கு அழுகையிலேயே போய்விடுகிறது. அதனால் கடன், பணம், பிள்ளை விஷயமெல்லாம் இனிமேல் கடிதத்தில்தான்.

கிரெடிட் கார்டு பில் வந்துவிட்டது. முழுக்க இங்கிலீஷ். எங்கள் கம்பெனியில் சம்பளம் போடுகிற ராபின் தம்பி படித்துச் சொன்னது. மொரீஷியஸ் ஏஜென்டுக்குக் கொடுக்க நீங்கள் கார்டைப் போட்டு எடுத்த முப்பதாயிரம் அப்படியே நிற்கிறது. சம்பளச் சனிக்கிழமை எங்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியே மேஜை போட்டு, கையெழுத்துப் போட்டால் தோள்பை இலவசம் என்று கூப்பிட்டுக் கொடுத்த கார்டு. ராபினும் அன்றைக்குத்தான் வாங்கினான். பை நன்றாகத்தான் இருக்கிறது, சித்ரா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறாள்.

நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். பத்து வருஷமாகத் தண்டல் கட்டுகிறேன், ஒரு வாரம் தவறியது கிடையாது. இதையும் அப்படியே கட்டிவிடுகிறேன். வாரம் முந்நூறு. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பேங்கில் கட்டிவிட்டு ஓடிவந்துவிடுவேன். நீங்கள் அனுப்பப்போகிற பணத்தைக் கார்டுக்கென்று தொடமாட்டேன். அது மெஷின் பணம்.

இரண்டு வருஷம். அதற்குள் கொஞ்சம் சேர்த்து, மீதிக்கு பேங்கில் லோன் போட்டு நாலு மெஷின். நீங்கள் வேலை பார்த்த லிங்கசாமி அண்ணன் தன் ஷெட்டில் ஒரு மூலையை ஒதுக்கித் தருகிறேன் என்று மறுபடியும் சொன்னார். ஜாப் ஒர்க்கும் அவரே தருவார். அதற்குப் பிறகு நீங்கள் பல்லடம் தாண்டி எங்கேயும் போகக்கூடாது. இதைப் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம்.

சித்ரா உங்கள் தலையணையில்தான் தூங்குகிறாள். உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

நாகஜோதி


மொரீஷியஸ்
22.04.2007

அன்புள்ள ஜோதிக்கு தவசி எழுதுவது. தும்மல் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக இருமல் வந்திருக்கிறது. உண்மையை எழுதச் சொன்னதால் எழுதினேன், பயப்படாதே.

அறையில் எட்டுப் பேர். மதுரைப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர், மீதி பங்களாதேஷ். சோறு உண்டு, மீன் உண்டு, ரசம்தான் கிடையாது. வேலை அங்கே செய்ததுதான், பேட்லாக் மெஷினில் பனியனின் கீழ் ஓரத்தை மடித்து அடிக்க வேண்டும். இங்கே தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். முருகன் கோயிலில் காவடியும் எடுப்பார்களாம். பேசிப் பார்த்தால் ஒரு வார்த்தை தமிழ் வரவில்லை. சித்ரா வளர்ந்து எனக்கு இப்படி ஆகிவிடுவாளோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

விமான டிக்கெட்டுக்காக நாலு மாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். ஆகஸ்டிலிருந்து பணம் அனுப்புகிறேன்.

நீ சொன்னபடி வாரா வாரம் கட்டு. தண்டல்காரர் என்றால் சைக்கிளில் வந்து லைன் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பேங்க்காரன் கவரில் கடிதம் போடுகிறான். மரியாதை தெரிந்தவன், நம் நாணயத்தைப் பார்த்தால் அவனும் அனுசரித்துப் போவான்.

ஒன்றரை ஷிப்ட் பார்க்காதே. உனக்கு இடுப்பு வலி வரும், எனக்குத் தெரியும்.

தவசி


திருப்பூர்
16.09.2007

அன்புள்ள மச்சானுக்கு நாகஜோதி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சித்ராவுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது, முகத்தில் தழும்பு இல்லை. உங்கள் இருமல் என்ன ஆயிற்று?

நீங்கள் அனுப்பிய ஆறாயிரம் வந்தது. நாலாயிரத்தை மெஷின் கணக்கில் போட்டுவிட்டேன்.

இப்போது நான் எழுதப்போவதைக் கோபப்படாமல் படிக்கவும். கோபப்படுகிற வேலையை நானே போதுமான அளவு செய்துவிட்டேன். இருபத்தாறு வாரம் முந்நூறு முந்நூறாகக் கட்டியிருக்கிறேன். ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய். பில்லைப் பார்த்தால் முப்பதாயிரம் முப்பத்தாறாயிரமாக ஆகியிருக்கிறது. பேங்கில் போய் கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று சத்தம் போட்டேன். வாட்ச்மேன் வந்துவிட்டார்.

பிறகு ராபின் தம்பி எல்லா பில்லையும் வரிசையாக வைத்துப் பார்த்துச் சொன்னது. "எக்கா, இது தண்டல் மாரி இல்லக்கா. மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள ஆயிரத்தஞ்ஞூறு விழணும். நீங்க ஆயிரத்து எரநூறுதான் கெட்டிருக்கீய. அப்பம் கெட்டவே இல்லன்னுதான் எழுதிருவான். அதுக்கு ஒரு அபராதம். வட்டி வேற மாசம் மூணு பர்சன்ட்."

அதுமட்டும் இல்லை. கவுண்டரில் ரொக்கமாகக் கட்டினால் ஒவ்வொரு தடவைக்கும் நூறு ரூபாய் கட்டணமாம். நான் கட்டின முந்நூறில் நூறு எப்போதும் அதற்கே போயிருக்கிறது. வாரா வாரம் சாப்பிடாமல் ஓடிப்போய் நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதே மேஜையில் வாங்கிய கார்டுதான் ராபினுக்கும். அவன் செலவு செய்ததை அந்தந்த மாதம் முழுசாகக் கட்டிவிடுகிறான். அவனுக்கு வட்டியே கிடையாது. அவன் பெயர் நல்ல பெயர் என்று இன்னொரு கார்டு கேட்காமலே அனுப்பியிருக்கிறார்கள்.

இனிமேல் சேர்த்து வைத்து ஐந்தாம் தேதிக்குள் ஒரே தடவையாகக் கட்டுகிறேன். தீபாவளி லீவு பத்து நாள் வருகிறது, அந்த வாரம் சம்பளம் இருக்காது, அதுதான் யோசனையாக இருக்கிறது. மெஷின் பணத்தை எடுக்கச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள்.

நாகஜோதி


திருப்பூர்
20.01.2008

அன்புள்ள மச்சானுக்கு நாகஜோதி ஆசையோடு எழுதுவது. நாங்கள் சுகம். பொங்கலுக்கு சித்ராவுக்குப் பச்சைப் பாவாடை எடுத்தேன். இன்றைக்கு நீங்கள் போன் செய்தபோதே சொல்லியிருப்பேன். ஹவுஸ் ஓனர் வீட்டம்மாவுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க மனமில்லை.

கார்டு கணக்கு முடிந்துவிட்டது.

முதலில் இருந்து சொல்கிறேன். தீபாவளி மாதம் கட்ட முடியவில்லை, அடுத்த மாதமும் முடியவில்லை. நாற்பத்தோராயிரம் ஆகிவிட்டது. மார்கழியில் வசூல் ஆட்கள் இரண்டு பேர் பைக்கில் கம்பெனி கேட்டுக்கே வந்தார்கள். செக்கிங் பெண்கள் எல்லோரும் பார்க்க, "உங்க வீட்டுக்காரரு கடனுக்குப் பயந்து கப்பலேறிட்டாராமே" என்று ஒருவன் கேட்டான். விமானத்தில்தான் போனார் என்று சொன்னேன். சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன்.

லிங்கசாமி அண்ணனிடம் போய் நின்றேன். அவர் அந்த ஆட்களைத் தன் ஷெட்டுக்கு வரச்சொன்னார். "ஏனுங்க தம்பி, அந்த அம்மிணி எங்கீங்க ஓடிப் போகுது? கட்டறேன்னு தானுங்களே சொல்லுது. ஒரு பேச்சுப் பேசி முடிச்சுக்கலாமுங்க" என்று ஆரம்பித்தார். ஜாப் ஒர்க் பில்லுக்கு அவர் பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களே, அதே மாதிரிதான். அவர்கள் முப்பத்தைந்து என்றார்கள். இவர் பதினைந்து என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். டீ வந்தது. கடைசியில் இருபதுக்கு முடிந்தது.

மெஷின் பணத்திலிருந்துதான் கொடுத்தேன், வேறு வழியில்லை. நாற்பத்தொன்று இருபதுக்கு முடிந்ததில் இருபத்தோராயிரம் மிச்சம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பேங்க் முத்திரை போட்ட கடிதம் கொடுத்துவிட்டார்கள், இனிமேல் பாக்கி எதுவும் இல்லை என்று. கார்டை அண்ணன் கத்தரியால் இரண்டாக வெட்டினார். "திருப்பூர்ல எவன் கண்ணு எவனுக்கு முழுசாக் குடுத்திருக்கறான்? பில்லுல பாதி வெட்டித்தான் எனக்கே வருது. நீ தலை நிமுந்து போ" என்றார்.

மச்சான், இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லாமல் இருந்தேன். நேற்று தூங்கினேன்.

நாகஜோதி


மொரீஷியஸ்
02.03.2008

அன்புள்ள ஜோதிக்கு தவசி எழுதுவது. நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை மெய்யாகவே நலம்.

உன் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மதுரைக்காரர் ஒருவருக்கு அறுபதாயிரம் கார்டு கடன் நிற்கிறது. "தங்கச்சிய எங்க ஊருக்கு ஒரு நடை அனுப்புங்கப்பா" என்கிறார். அன்றைக்குப் பாயசம் வைத்தோம். எனக்கு அந்தத் துணிச்சல் வராது. நான் இருந்திருந்தால் வாயைத் திறக்காமல் நாற்பத்தொன்றையும் கட்டியிருப்பேன், அல்லது ஓடியிருப்பேன். நீ என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாய், அதை எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன், வைத்துக்கொள்.

லோன் மனுவில் என் கையெழுத்து வேண்டும் என்றாயே, நீ வைத்து அனுப்பிய படிவத்தில் மூன்று இடத்திலும் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஓவர்லாக் இரண்டு, பேட்லாக் ஒன்று, சிங்கர் ஒன்று. பேட்லாக் ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல். இங்கே பகல் முழுக்க டியூப்லைட்தான், கண் எரிகிறது.

சித்ராவுக்கு முத்தம்.

தவசி


திருப்பூர்
15.06.2008

அன்புள்ள மச்சானுக்கு நாகஜோதி எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் கண்ணுக்கு மருந்து விட்டீர்களா?

மனுவைக் கொடுத்துவிட்டேன். நம் வீட்டுப் பக்கத்தில் இருக்கிற அரசாங்க பேங்க். ஒன்றரை லட்சத்துக்கு, உங்கள் பெயரும் என் பெயரும் சேர்த்து. வட்டி வருஷத்துக்குப் பன்னிரண்டு பர்சன்ட், ஐந்து வருஷத்தில் கட்டலாம். மாதம் மூன்று பர்சன்ட் கட்டிய எனக்கு இது இனாம் மாதிரி இருக்கிறது.

மேனேஜர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். உட்காரச் சொன்னார். மெஷின் கொட்டேஷன், லிங்கசாமி அண்ணன் கடிதம், உங்கள் ஒப்பந்தம் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார். பழைய கடன் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு கார்டு இருந்தது, முடித்தாகிவிட்டது என்று நான் முத்திரை போட்ட கடிதத்தை நீட்டினேன். அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் தகவல் சொல்கிறாராம்.

வரும் வழியில் ஷெட்டுக்குப் போய் அந்த மூலையைப் பார்த்தேன். அட்டைப்பெட்டிகளை நகர்த்தி சித்ராவும் நானும் தரையைக் கூட்டினோம். ஜன்னல் இருக்கிறது.

நாகஜோதி


மொரீஷியஸ்
27.07.2008

அன்புள்ள ஜோதிக்கு தவசி எழுதுவது. நான் நலம். உனக்கு உடம்பு சரியில்லையா? ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. போனில் கேட்டால் "ம்", "பார்க்கலாம்" என்கிறாய். ஹவுஸ் ஓனர் வீட்டம்மா பக்கத்தில் இருப்பது தெரியும். அதற்குத்தானே கடிதம்.

லோன் விஷயம் என்ன ஆயிற்று? இங்கே ஒரு சேதி இருக்கிறது. இரண்டு வருஷம் முடிகிறவர்களிடம் அக்டோபரில் கேட்பார்கள். தொடர்கிறோம் என்று கையெழுத்துப் போட்டால் இதே மெஷின், இதே சம்பளம். அதோடு ஊருக்குப் போய்வர டிக்கெட்டும் ஒரு மாதம் லீவும் உண்டு. வேண்டாம் என்றால் பிப்ரவரியில் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னால் அவ்வளவுதான், வெளியே ஆள் வரிசையில் நிற்கிறது.

எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் ஆசை. உன் பதில் வந்தால் தைரியமாகச் சொல்வேன்.

தவசி


திருப்பூர்
14.09.2008

அன்புள்ள மச்சானுக்கு நாகஜோதி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சித்ரா நன்றாகப் படிக்கிறாள். ஒன்றிலிருந்து நூறு வரை சொல்கிறாள், நடுவில் அறுபதை மட்டும் விட்டுவிடுகிறாள். ராபின் தம்பிக்கு நாசரேத்தில் பெண் பார்த்திருக்கிறார்கள். பக்கத்து லைனில் ஒரிசாக்காரப் பையன்கள் குடிவந்திருக்கிறார்கள், நன்றாகப் பழகுகிறார்கள். நொய்யல் ஆற்றில் இந்த வாரம் ஊதாச் சாயத் தண்ணீர் போகிறது. கம்பெனியில் ஆர்டர் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள், தீபாவளி முடிந்தால் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார்கள்.

லோன் விஷயம், அந்த மேனேஜர் மாறுதலில் போய்விட்டார். புது ஆள் வந்து பார்ப்பார். பேங்க் வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

நீங்கள் யோசித்துச் செய்யவும். உங்களுக்கு எது நல்லதோ அப்படியே செய்யவும். கண்ணைக் கசக்க வேண்டாம்.

நாகஜோதி


மொரீஷியஸ்
19.10.2008

அன்புள்ள ஜோதிக்கு, சித்ராக் குட்டிக்கு, தவசி எழுதுவது. போனில் சொன்னால் மூன்று நிமிடமும் உனக்கு அழுகையிலேயே போய்விடும், அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதம் தீபாவளிக்கு வந்து சேராது. ஆனாலும் தீபாவளிச் செய்திதான்.

வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் இரண்டு தடவை கேட்டார், நன்றாக யோசித்தாயா என்று. எனக்கு அங்கே ஜன்னல் ஓரத்தில் மெஷின் இருக்கிறது என்று சொன்னேன். சிரித்தார். என் பெயரை அடித்துவிட்டார்.

பிப்ரவரி பத்தாம் தேதி வீட்டில் இருப்பேன். புது மேனேஜர் எப்படியும் அதற்குள் கொடுத்துவிடுவார். கடனை முடித்துவிட்டு நிற்கிறவர்களுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? சித்ராவை இன்றைக்கே தேதி எண்ணச் சொல். அறுபதை விடாமல்.

தவசி


திருப்பூர்
16.11.2008

மச்சானுக்கு நாகஜோதி எழுதுவது. நாங்கள் இருக்கிறோம்.

மேனேஜர் மாறுதலில் போகவில்லை. அதே ஆள்தான். ஜூலை முதல் வாரமே லோன் கிடையாது என்று சொல்லிவிட்டார். உங்களிடம் பொய் சொன்னேன்.

பம்பாயில் ஒரு ஆபீஸ் இருக்கிறதாம். எந்த பேங்கில் யார் கடன் வாங்கினாலும், எந்தத் தேதியில் கட்டினாலும் அங்கே எழுதுகிறார்களாம். அதைப் பார்த்து ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மார்க். தொள்ளாயிரத்துக்கு உங்களுக்கு ஐந்நூற்றுப் பத்து. அந்தத் தாளை மேனேஜர் எனக்குக் காட்டினார். "எழுநூத்துக்கு மேல இருந்தா நான் இன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பனுங்கம்மா. அந்த மார்க்குக்குத்தான் பன்னண்டு பர்சன்ட். இந்த மார்க்குக்கு எந்த பேங்க்கும் குடுக்காது. குடுக்கற பைனான்ஸ்காரன் முப்பத்தாறு கேப்பான்" என்றார்.

நான் அந்த முத்திரைக் கடிதத்தை மறுபடியும் நீட்டினேன். அதுதான் பெரிய குறை என்றார். "பாதிக்குப் பேசி முடிச்சிருக்கறீங்க. பேங்குக்கு நட்டம் பண்ணுனவருன்னு இதுக்கு அர்த்தமுங்க. லேட்டாக் கட்டுனதக்கூட மன்னிக்கலாம். இது ஏழு வருசத்துக்கு நிக்கும்." நான் பெருமையாக உங்களுக்கு எழுதினேனே, அதைத்தான் சொன்னார். வாரா வாரம் கட்டியதில் எல்லா மாதமும் கட்டவில்லை என்றுதான் அதில் இருக்கிறது.

மீதி இருபத்தோராயிரத்தைக் கட்டிவிடுகிறேன் என்றேன். ராபினை வைத்துக் கார்டு ஆபீசுக்கு எட்டுத் தடவை போன் போட்டோம். கணக்கை மூடிவிட்டோம், இனி பணம் வாங்க முடியாது என்கிறார்கள். வசூலுக்கு வந்தவர்களின் நம்பர் வேலை செய்யவில்லை. வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சுகிறேன், வேண்டாம் என்கிறார்கள் மச்சான்.

உங்கள் பெயர் வேண்டாம், என் பெயரில் மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். தட்டிப் பார்த்தார். என் பெயரில் மார்க்கே இல்லை. நான் பேங்கில் கடன் வாங்கியதே இல்லை, அதனால் நான் எப்படிப்பட்டவள் என்று அவர்களுக்குத் தெரியாதாம். மறுநாள் தண்டல் நோட்டுகள் பதினொன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். பத்து வருஷம், வாரா வாரம் டிக் போட்டுக் கையெழுத்து. அவர் நல்ல மனிதர். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எனக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். "இதெல்லாம் பம்பாய்க்குப் போகாதுங்களேம்மா" என்று சொல்லி மறுபடியும் அதே வரிசையில் அடுக்கித் தந்தார்.

மானத்தைக் காப்பாற்றிவிட்டாய் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தைப் படித்தபிறகு எனக்கு இதை எழுதக் கை வரவில்லை. இந்த வாரம் எழுதலாம், அடுத்த வாரம் எழுதலாம் என்று இருந்தேன். நடுவில் எப்படியாவது சரிசெய்துவிடலாம் என்றும் நினைத்தேன். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியதைப் படித்தபிறகுதான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இங்கே நிலைமை மோசம். அமெரிக்காவில் என்னவோ ஆகி ஆர்டர் எல்லாம் நின்றுவிட்டது. எங்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். லிங்கசாமி அண்ணன் தன் மெஷினிலேயே ஆறை விற்றுவிட்டார். "கண்ணு, தவசியை இப்ப வரவேண்டாமுன்னு சொல்லு. எனக்கே ஓட்டறதுக்கு வேலையில்லை" என்றார்.

சூப்பர்வைசரிடம் மறுபடியும் கேட்டுப் பாருங்கள். அல்லது வந்துவிடுங்கள், இருக்கிறதை வைத்துக் கஞ்சி குடிக்கலாம். எதைச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. என்னைத் திட்டி எழுதுங்கள். பேசாமல் இருக்காதீர்கள்.

நாகஜோதி


மொரீஷியஸ்
25.01.2009

ஜோதிக்கு தவசி எழுதுவது. உடம்பு நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

ஏழு ஞாயிறாக நான் போன் செய்யவில்லை. போன் கார்டு தீர்ந்ததாலும் இல்லை, நேரம் இல்லாததாலும் இல்லை. உன் குரலைக் கேட்டால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

டிசம்பர் ஒன்றாம் தேதி உன் கடிதம் வந்தது. அன்றைக்கே சூப்பர்வைசரிடம் போனேன். என் மெஷினில் உட்கார வேண்டியவன் டாக்காவில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டான் என்றார். மூன்று வாரம் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். கடைசியில் புது ஆளாக எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பேட்லாக் இல்லை, நூல் வெட்டுகிற இடம். சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. புது ஆள் என்பதால் லீவு கிடையாது, நான் ஏறாத விமானத்தின் டிக்கெட்டுக்கும் மறுபடியும் பிடிப்பார்கள். மூன்று வருஷம். போன திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

திட்டி எழுதச் சொன்னாய். கார்டு கடன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாதிக்குப் பேசி முடித்ததிலும் இல்லை. நான் அங்கே இருந்திருந்தாலும் லிங்கசாமி அண்ணன் சொன்னதற்குத்தான் தலையாட்டியிருப்பேன். ஜூலையில் தெரிந்ததை நவம்பரில் எழுதினாயே, அதன்மேல் கோபம். அக்டோபருக்கு முன்னால் ஒரு வரி எழுதியிருந்தால் என் மெஷினும் இருந்திருக்கும், ஒரு மாதம் வந்து உங்கள் இருவரையும் பார்த்துவிட்டும் திரும்பியிருப்பேன். இதை உன்மேல் போட்டுவிட்டு நான் நல்லவனாக இருக்கப் பார்க்கிறேனோ என்றும் தோன்றுகிறது. உன்னைப் பாராட்டி அப்படி எழுதாமல் இருந்திருந்தால் நீ சொல்லியிருப்பாய். எப்படிப் பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான்.

ஏழு வருஷம் என்றால் 2015 ஜனவரி. மூன்று வருஷம் முடிந்து 2012இல் இன்னொரு மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் அதற்குச் சரியாக இருக்கும். அப்போது சித்ராவுக்குப் பன்னிரண்டு வயது. நமக்கு அதற்குப் பிறகு மெஷின் எதற்கு என்று தெரியவில்லை, ஆனாலும் வேறு எதை நினைத்துக்கொண்டு நூல் வெட்டுவது. மாதம் மூவாயிரம் அனுப்புவேன். அதை எங்கேயும் சேர்த்து வைக்க வேண்டாம், வாடகையைக் கொடு, சாப்பிடுங்கள்.

இந்தக் கடிதம் பத்தாம் தேதிக்கு முன்னால் வந்துவிட வேண்டும். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சித்ராவிடம் நீயே சொல்லிவிடு. நம்பமாட்டாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் இருக்கும். அவள் போகமாட்டேன் என்று அழுதாலும் அனுப்பிவிடு. வாசலில் மட்டும் உட்கார விடாதே.

தவசி